ஆள்குறைப்புக்கு எதிராக நோட்டீஸ்: பயணிகள் நின்று படிக்கிற மாதிரி எப்படி எழுதுவது?

சில்லறைப்பை:

வணக்கம். டவுன் பஸ்ஸில் 17 வருடமாக நடத்துநர். ஊர், டெப்போ பேர் வேண்டாமே.

எங்கள் டெப்போவில் யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. அதனாலேயே ஆள்குறைப்பு நடப்பது வெளியே யாருக்கும் தெரியவில்லை. ரிட்டயர் ஆகிறவர் இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது. அவர் எடுத்த வண்டி ஒன்று டெப்போவிலேயே நிற்கும், இல்லை இன்னொருவர் டபுள் டூட்டி பார்ப்பார். இப்போது கான்ட்ராக்ட் டிரைவர்களை எடுக்கப் போவதாகப் பேச்சு.

இரவு 9.40க்கு ஒரு கடைசி ட்ரிப் இருக்கிறது. ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப்பில் நின்று வேலை பார்த்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அதில்தான் வீட்டுக்குப் போவார்கள். போன மாதம் அது எத்தனையோ நாள் கேன்சல். மறுநாள் ஏறும்போது ஒரு பெண், "அண்ணா, இன்னைக்கு ராத்திரி வருமா? சொல்லிடுங்க, இல்லன்னா எங்க அப்பாவை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லணும்" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சங்கத்தில் 5,000 நோட்டீஸ் அடிக்க முடிவாகியிருக்கிறது. எழுதும் பொறுப்பு என்னிடம். போன தடவை அடித்ததில் முதல் வரி ஊதிய ஒப்பந்தம், இரண்டாவது வரி அகவிலைப்படி நிலுவை. அரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டு தரையெல்லாம் எங்கள் நோட்டீஸ்தான் கிடந்தது. கோரிக்கை நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவருக்கு அதில் என்ன இருக்கிறது?

எந்த ஊரிலாவது பயணிகள் ஊழியர் பக்கம் நின்றிருக்கிறார்களா? எப்படி நிற்க வைத்தார்கள்?

லண்டன் சிவம்:

தம்பி, நான் லண்டன் நிலக்கீழ் ரயிலில் நிலைய ஊழியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்.எம்.டி. என்ற ரயில், போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தேன். எங்கள் கதையைச் சொல்கிறேன். முழு வெற்றிக் கதை இல்லை, ஆனால் உங்களுக்குப் பயன்படும்.

2013 நவம்பர் 21 அன்று அறிவிப்பு வந்தது: டிக்கெட் அலுவலகங்கள் எல்லாவற்றையும் மூடப் போகிறோம், சுமார் 950 வேலைகள் குறையும். அதே நாளில்தான் வார இறுதியில் இரவு முழுக்க ரயில் ஓடும் என்ற நல்ல செய்தியையும் சேர்த்துச் சொன்னார்கள். பத்திரிகைகள் எதைப் பெரிதாகப் போட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன் 2008 தேர்தலில் டிக்கெட் அலுவலகங்களை மூட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர்.

நிர்வாகத்தின் பெரிய வாதம் ஒரே ஒரு எண். நூற்றில் மூன்று பயணங்களுக்கும் குறைவாகத்தான் டிக்கெட் ஜன்னலுக்குப் போகிறார்கள், மற்றவர்கள் கார்டைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்கிறவனுக்கு நியாயமாகத்தான் படும். அந்த மூன்று பேர் யார் என்று நாங்கள் சொல்லத் தொடங்கிய பிறகுதான் சனம் நின்று கேட்டது. கார்டில் கூடுதலாகக் காசு வெட்டப்பட்டவர், கண் தெரியாதவர், இங்கிலீஷ் வராத கிழவி, பர்ஸைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருகிற மாணவி. எல்லாம் சரியாக இருக்கிற நாளில் ஒருவருக்கும் ஜன்னல் தேவையில்லை. சரியில்லாத நாள் எல்லோருக்கும் ஒருமுறை வரும்.

முதல் துண்டுப்பிரசுரத்தில் நாங்களும் "950 வேலைகள்" என்றுதான் கொட்டை எழுத்தில் போட்டோம். காலை ஆறரைக்கு, குளிரில் விரல் விறைக்க வாசலில் நின்று நீட்டினால் பத்துக்கு ஒருவர் வாங்குவார். அடுத்ததில், "இரவு 11 மணிக்கு நீங்கள் இங்கே இறங்கும்போது யார் இருப்பார்?" என்று ஒரு கேள்வி மட்டும். ஒரு தாதி, இரவு வேலை முடித்து வந்தவர், அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னும் பத்துத் தாருங்கள், வார்டில் வைக்கிறேன்" என்றார். அந்தக் காலையை நான் மறக்கவே இல்லை.

கிங்ஸ் கிராஸ் தீயையும் பேசினோம். 1987 நவம்பர் 18, மரப்படி எஸ்கலேட்டருக்கு அடியில் பிடித்த நெருப்பில் 31 பேர் இறந்தார்கள். நிலத்தடி நிலையங்களில் குறைந்தது இத்தனை ஊழியர் இருக்க வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகு வந்ததுதான். இதைச் சொல்லும்போது ஒரு கவனம் வேண்டும்: பயமுறுத்தினால் சனம் விலகிப்போகும். நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.

2014 பெப்ரவரி 4 இரவிலிருந்து 48 மணி நேரம் வேலைநிறுத்தம். ஏப்ரலில் இன்னொன்று. இடையில் மார்ச் 11 அன்று எங்கள் பொதுச்செயலாளர் பாப் குரோ 52 வயதில் திடீரென்று காலமானார். போராட்டத்தின் நடுவில் அது பெரிய அடி. 2015க்குள் ஜன்னல்களை மூடிவிட்டார்கள். அதில் தோற்றோம், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் விடவில்லை. நிலையங்களில் ஆள் போதவில்லை என்று தொடர்ந்து சொன்னோம். 2016இல் வந்த மேயர் சாதிக் கான் பயணிகளின் காவல் அமைப்பான லண்டன் டிராவல்வாட்சிடம் ஆய்வு கேட்டார். 2017 ஜனவரியில் 24 மணி நேர வேலைநிறுத்தம், நகர நடுவில் பெரும்பாலான நிலையங்கள் மூடிக் கிடந்தன. பிறகு 325 பேரைக் கூடுதலாக எடுக்க ஒப்புக்கொண்டார்கள்.

இன்னொன்று. 2023இல் இங்கிலாந்தின் மற்ற ரயில் நிலையங்களிலும் டிக்கெட் அலுவலகங்களை மூடப் பார்த்தார்கள். மக்கள் கருத்துச் சொல்ல முதலில் 21 நாள்தான் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் முன்னால் வந்து நின்றன, கெடு செப்டம்பர் 1 வரை நீண்டது, சுமார் ஏழரை லட்சம் பேர் எழுதினார்கள். அக்டோபர் 31 அன்று திட்டமே கைவிடப்பட்டது. ஜன்னல் மூடுவதற்கு முன்னாலேயே பயணிகள் பேசினார்கள், அதுதான் வித்தியாசம். உங்களுக்கு இப்போது அந்த நேரம் இருக்கிறது.

தேவகி_பயணி:

தினமும் பஸ்ஸில் போகிறவள் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரி 9, பொங்கலுக்கு முந்தின வாரம் அரசு பஸ் ஸ்ட்ரைக். மறுநாள் உயர்நீதிமன்றத்தில் சங்கங்கள் அதைத் தள்ளிவைப்பதாகச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் அந்தக் கோரிக்கைகளில் ஒன்று என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நான் ஏறுகிற பஸ்ஸில் ஒரு நடத்துநராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

அப்புறம், 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சில நடத்துநர்கள் அந்த டிக்கெட்டைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த முகத்தைப் பார்த்தவர் உங்கள் நோட்டீஸைக் கையில் வாங்க மாட்டார். நோட்டீஸுக்கு முன்னால் அதைச் சங்கத்தில் பேசுங்கள், அண்ணா.

அந்த 9.40 பஸ்ஸைப் பற்றி மட்டும் எழுதுங்கள். நானே நாலு பேருக்கு அனுப்புவேன்.

பழைய கிளைச் செயலாளர்:

தோழர், எழுதுவதற்கு முன் எண்ணிக்கையைக் கையில் வையுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியது: டெப்போவுக்கு அனுமதிக்கப்பட்ட ஓட்டுநர், நடத்துநர் இடங்கள் எத்தனை, இன்று வேலையில் இருப்பவர் எத்தனை, கடந்த ஆறு மாதத்தில் தடம் வாரியாக ரத்தான நடைகள் எத்தனை. "ஏன்" என்று கேட்காதீர்கள், விளக்கம் தரத் தேவையில்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதை நகல் கேளுங்கள். பணியில் இருக்கிறவர் பெயரில் வேண்டாம், என்னைப் போல ஓய்வு பெற்றவர் யாராவது போடட்டும்.

சில்லறைப்பை:

தேவகி அம்மா, கோபம் இல்லை. அந்த முகத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளைக் கூட்டத்தில் முதல் பேச்சாக இதையே வைக்கிறேன். சிவம் அண்ணா, அந்தத் தாதி விஷயத்தை எங்கள் செயலாளருக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். மனு நாளை போகிறது, ரிட்டயர் ஆன செக்கர் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்.

வரைவு இது:

"இரவு 9.40 பஸ் நேற்று ஏன் வரவில்லை? வண்டி இருக்கிறது. டீசல் இருக்கிறது. ஓட்டுநர் பணியிடம் காலியாக உள்ளது. உங்கள் பஸ் என்றைக்கு வரவில்லை என்று இந்த நோட்டீஸின் பின்பக்கம் எழுதி நடத்துநரிடம் கொடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கலெக்டரிடம் கொடுப்போம்."

தேவகி_பயணி:

"ஓட்டுநர் பணியிடம் காலியாக உள்ளது" வேண்டாம். "ஓட்ட ஆள் இல்லை" என்று போடுங்கள். பின்பக்கம் தேதி, நேரம், ஸ்டாப் பேர் எழுத மூன்று கோடு போட்டு விடுங்கள், நின்றுகொண்டே எழுதுவோம். பேனாவும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.