பிளாயா டெல் கார்மென்ல குடும்பத்தோட போய் இருக்கப் போறோம், அங்க தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு அமெரிக்க கம்பெனில வேலை, இப்ப முழுசா ஆன்லைன்லயே ஆகிப்போச்சு, அதனால ரெண்டு வருஷம் மெக்ஸிகோல கரீபியன் கடல் பக்கம் பிளாயா டெல் கார்மென்ல போய் இருக்கலாம்னு யோசிக்கிறோம். போன டிசம்பர்ல ஒரு வாரம் போயிருந்தோம், அந்தத் தண்ணியோட நிறம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது, பொண்ணுக்கு 5 வயசு, கடலை விட்டு வெளிய வரமாட்டேன்னு ஒரே அழுகை. ஆனா ஹோட்டல்ல ஒரு வாரம் தங்குறது வேற, குடித்தனம் பண்றது வேறன்னு தெரியும். வீடு கடலுக்குப் பக்கத்துலயே எடுக்கலாமா, விசா எப்படி, சமையலுக்கு என்ன கிடைக்கும்? கையில அமெரிக்க விசா இருக்கு. ஸ்பானிஷ் எனக்கு ஒரு வார்த்தை கூட தெரியாது.

உப்புக்காத்து:

தங்கச்சி, நான் இங்க வந்து ஆறு வருஷம் ஆச்சு. நீங்க பாத்தது டிசம்பர். முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி ஜூலைலயோ ஆகஸ்ட்லயோ ஒரு பத்து நாள் வாடகை வீட்ல வந்து இருந்து பாருங்க, கெஞ்சிக் கேட்டுக்கிறேன். அப்பதான் சர்காசோன்னா என்னன்னு தெரியும். பழுப்பு நிறத்துல மிதந்து வர்ற கடல்பாசி, 2011ல இருந்துதான் கரீபியன் முழுக்க இப்படி குவியல் குவியலா வருது, அட்லாண்டிக்ல இருந்து காத்தும் நீரோட்டமும் தள்ளிட்டு வந்துடுது. ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் ஜாஸ்தி. கரையில ஒதுங்கி அழுகுச்சுன்னா கூமுட்டை நாத்தம், அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டு கடலோர வீடுகள்ல ஏசியோட செம்புக் குழாய் கூட கறுத்துப் போகுது. நாங்க முதல் வருஷம் கடல்ல இருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் எடுத்தோம், மே மாசம் ஜன்னலைத் திறக்க முடியல, பெரியவனுக்கு தினமும் தலைவலி.

இங்க கடலுக்கு இணையா போற ரோடெல்லாம் 5, 10, 15ன்னு அஞ்சஞ்சா ஏறும். அஞ்சுதான் நீங்க நடந்த கின்டா அவெனிதா, டூரிஸ்ட்டுங்க சுத்துற கடைத்தெரு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பாட்டு சத்தம். 30ஐத் தாண்டினா ஊர்க்காரங்க குடியிருக்குற ஏரியா, காய்கறிக் கடை, கிலோ கணக்குல சூடா டார்டியா (மக்காச்சோள ரொட்டி) விக்கிற கடை எல்லாம் அங்கதான், வாடகையும் கம்மி. சைக்கிள்ல போனா பத்து பதினஞ்சு நிமிஷத்துல கடல். வீட்டை அங்க எடுங்க. கடல் எங்கயும் போயிடாது, மெக்ஸிகோல கடற்கரை எல்லாம் பொதுச் சொத்து, எந்த ஹோட்டல் முன்னாடி வேணா துண்டு விரிச்சு உக்காரலாம், போக வழி மட்டும் தேடணும்.

அடுத்தது புழுக்கம். ஊருக்குப் போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்து அலமாரியத் திறந்தேன், பெல்ட்டு, செருப்பு, கல்யாணப் பட்டுப்புடவை மேல எல்லாம் பச்சையா பூஞ்சை. புடவைய வெயில்ல போட்டு துடைச்சு துடைச்சுப் பாத்தேன், கறை போகவே இல்ல, அன்னிக்கு அழுதுட்டேன். பட்டு எதுவும் கொண்டு வராதீங்க, அம்மா வீட்லயே விட்டுட்டு வாங்க. ஏசிய பாத்து போடுங்க, கரண்ட் பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வரும், 12 மாச சராசரி ஒரு அளவைத் தாண்டினா மானியம் போயி டாக்னு ஒரு ரேட்ல போட்டுடுவாங்க, அப்படி விழுந்தா வெளிய வர மாசக்கணக்குல ஆகும். வீடு பாக்கும்போதே முன்னாடி இருந்தவங்களோட பில்லை வாங்கிப் பாருங்க.

குழாய்த் தண்ணிய குடிக்க வேணாம், 20 லிட்டர் கேன் வாங்கணும், அதுக்கு கர்ராஃபோன்னு பேர். ஊரே சுண்ணாம்புப் பாறை மேலதான் இருக்கு, குழாய்த் தண்ணிய ரெண்டு வாரம் தினமும் கொதிக்க வெச்சா கெட்டில் அடியில வெள்ளையா ஓடு கட்டிடும்.

வடக்குவீதி:

விசாவ பத்தி நான் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இங்கதான் தப்பு பண்றாங்க. அமெரிக்க விசா செல்லுபடியா இருந்தா இந்திய பாஸ்போர்ட்டுக்கு தனியா மெக்ஸிகோ விசா வேணாம், ஆனா அது டூரிஸ்டா வர்றதுக்கு, அதிகபட்சம் 180 நாள், எத்தனை நாள்னு ஏர்போர்ட்ல ஆபீசர்தான் முடிவு பண்ணுவார். ரெண்டு வருஷம்னா ரெசிடென்சியா டெம்போரால், அதாவது தற்காலிகமா குடியிருக்குற அனுமதி எடுக்கணும், அதை மெக்ஸிகோவுக்கு வெளிய இருக்குற அவங்க தூதரகத்துலதான் ஆரம்பிக்கணும், டூரிஸ்டா உள்ள வந்துட்டு மாத்திக்கலாம்னு யாராவது சொன்னா நம்பி வந்துடாதீங்க. வருமானமோ சேமிப்போ காட்டினா பாஸ்போர்ட்ல விசா ஒட்டுவாங்க, 180 நாளுக்குள்ள வந்து சேரணும், வந்த 30 நாளுக்குள்ள குடியேற்ற ஆபீஸ்ல கார்டுக்கு போடணும். முதல் கார்டு ஒரு வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கலாம், மொத்தம் நாலு வருஷம்.

முக்கியமா ஒண்ணு, உங்க கல்யாண சர்டிஃபிகேட், பொண்ணோட பிறப்பு சர்டிஃபிகேட் ரெண்டுக்கும் இந்தியாவுலயே அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசாங்கம் போடுற முத்திரை) வாங்கி வெச்சுக்கோங்க. நான் வாங்காம வந்து, குடும்பத்த கூப்பிட ஏழு மாசம் ஆச்சு.

வேலை நேரம் சௌகரியம்தான். இந்த கின்டானா ரோ மாநிலத்துல 2015ல இருந்து வருஷம் பூரா ஒரே நேரம், நியூயார்க்கோட குளிர்காலத்துல சமம், கோடையில ஒரு மணி நேரம் பின்னாடி. இங்க ராத்திரி 9 மணின்னா ஊர்ல மறுநாள் காலை 7:30, அம்மா காப்பி குடிக்கிற நேரம், நான் தினமும் அப்பதான் போன் பண்றேன்.

சௌசௌகுழம்பு:

உப்புக்காத்து அக்கா சொன்னதுல ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு வேற கருத்து. சின்னப் பிள்ளை இருந்தா கடலுக்குப் பக்கத்துலயே முதல் ஆறு மாசமாவது இருங்க, காலைல ஆறு மணிக்கு நடந்து போய் குளிச்சுட்டு வர்ற சந்தோஷத்துக்காகத்தானே வர்றீங்க, தூரமா போனா நாளாக ஆக போகவே தோணாது, நாங்க அப்படித்தான் ஆனோம்.

சாப்பாட்டுக்கு கவலையே படாதீங்க. சௌசௌ இங்க சயோட்டே, அதோட பூர்வீகமே மெக்ஸிகோதான். சப்போட்டா இங்க சிகோசபோட்டே, நம்ம பேரே இங்க இருந்து வந்ததுதான், முதல் தடவை மார்க்கெட்ல கையில எடுத்து மோந்து பாத்தப்ப எங்க வீட்டுக் கொல்லைல நிக்கிற மாதிரி இருந்துச்சு. புளி, கொத்தமல்லி, தேங்காய், வாழையிலை எல்லாம் கிடைக்கும், காஞ்ச மிளகாய்க்கு சிலே தே ஆர்போல். துவரம்பருப்பும் பெருங்காயமும் மட்டும் ஊர்ல இருந்து எடுத்துட்டு வாங்க. இட்லி மாவு வெயில் காலத்துல ஆறு மணி நேரத்துல பொங்கிடும், ராத்திரி வெளிய வெச்சிட்டு தூங்கிடாதீங்க.

ஸ்பானிஷ் கட்டாயம் கத்துக்கோங்க. கின்டாவுல இங்கிலீஷ் பேசுவாங்க, ஆனா கேஸ் வண்டிக்காரர், டீச்சர், பக்கத்து வீட்டம்மா யாரும் பேச மாட்டாங்க. கடைக்குள்ள நுழையும்போதே புவேனோஸ் தியாஸ், அதாவது காலை வணக்கம் சொல்லணும், யாராவது சாப்பிட்டுட்டு இருந்தா தாண்டிப் போறப்ப ப்ரோவேச்சோ, நல்லா சாப்பிடுங்கன்னு சொல்லணும். இதை ஒரு மாசம் விடாம சொன்னேன், எங்க தெருவுல என்னைப் பாக்குற விதமே மாறிப்போச்சு. பொண்ண உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல போடுங்க, ஆறு மாசத்துல அவதான் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டுக்காரங்களோட மட்டும் பழகினா கஷ்டம், ஆறு மாசம், ஒரு வருஷம்னு கிளம்பிப் போயிட்டே இருப்பாங்க, என் பையன் மூணு சிநேகிதங்களுக்கு டாட்டா சொல்லி ஏங்கிட்டான்.

மழைத்துளி:

எல்லாருக்கும் மனசார நன்றி, அப்போஸ்டிலுக்கு நாளைக்கே அலையப் போறேன். ஆகஸ்ட்ல வந்து பாக்குறோம். ஆகஸ்ட்ல புயல் வராதா? பொண்ணை வச்சிட்டு அதுதான் பயமா இருக்கு.

உப்புக்காத்து:

சீசன் ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும்மா. 2005 அக்டோபர்ல வில்மா இந்தக் கரை மேலயே ஒரு நாளுக்கு மேல நகராம நின்னுச்சு, பெரியவங்க இன்னும் அதைத்தான் பேசுவாங்க. 2024 ஜூலைல பெரில் புயல் பக்கத்து ஊர் துலும் கிட்ட கரை ஏறுனப்ப நாங்க இங்கதான் இருந்தோம். வீடெல்லாம் பெரும்பாலும் கான்கிரீட், தாங்கும். அரசாங்கம் நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை மாத்திட்டே வரும். மஞ்சள் வர்றதுக்குள்ளயே நான் மாடித் தொட்டிய நிரப்பி, ரெண்டு கேன் தண்ணி, மெழுகுவத்தி, கையில பணம் எல்லாம் எடுத்து வெச்சிடுவேன், கரண்ட் போனா ஏடிஎம்மும் போயிடும். பெரில் வந்த ராத்திரி நாலு பேரும் ஜன்னல் இல்லாத நடு ரூம்ல மெத்தையப் போட்டு படுத்தோம். சின்னவன் காத்து சத்தத்துலயே தூங்கிட்டான். ஆகஸ்ட்ல வந்தா எங்க வீட்டுக்கு வாங்க, அந்த ரூமையும் காட்டுறேன், தனி மெசேஜ்ல தேதி போடுங்க.