1988-இல் நீடாமங்கலம் பக்கம் பத்தாவது படித்தவர்களைத் தேடுகிறோம்

வணக்கம் சொந்தங்களே. நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், அரசு உயர்நிலைப் பள்ளியில் 1988-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் நாங்கள். பாதிப் பேர் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிட்டோம். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருவர் சிங்கப்பூர், சிலர் ஊரிலேயே விவசாயம். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். அது தெரிந்த அன்று குழுவில் யாருக்கும் பேச வரவில்லை.

மீதிப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் உதவி வேண்டும். அதிலும் முக்கியமாகக் கூடப் படித்த பெண்களை. கல்யாணமாகி இனிஷியலும் ஊரும் மாறிவிட்டதால் ஃபேஸ்புக்கில் தேடினால் கிடைப்பதில்லை. அப்போது எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம். திருவாரூர் மாவட்டம் 1997-இல்தான் வந்தது. வலங்கைமான், கொரடாச்சேரி, மன்னார்குடி பக்கம் வாழ்க்கைப்பட்ட உங்கள் அம்மா, அத்தை, சித்தி யாராவது எங்கள் பள்ளியில் படித்தவர்களா என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள். நம்பரைப் பொதுவில் போட வேண்டாம். அவர்கள் சம்மதித்தால் மட்டும் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

அப்புறம், சந்திப்பை எப்போது வைப்பது? பொங்கலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள், ஆனால் சம்பா அறுவடை நேரத்தில் விவசாயிகள் வயலை விட்டு வர முடியாது. ஜூனில் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. மே மாதம் சரிப்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எங்கள் கணக்கு வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, வெயில் தாங்காது. அவர் இல்லாமல் நடத்த மனமில்லை. இப்படிச் சந்திப்பு நடத்தியவர்கள் எந்த மாதம் வைத்தீர்கள், மண்டபத்திலா பள்ளிக்கூடத்திலேயா என்று சொல்லுங்கள்.