படங்களைத் தேட எந்த மென்பொருள்: லைட்ரூமா, டிஜிகாமா, இரண்டும் வேண்டாமா?

பொன்னிவளவன்:
கூகுள் 2016 மார்ச்சில் தன் படத் தொகுப்பு மென்பொருளான பிக்காசாவை நிறுத்திய பிறகும் பழைய கணினியில் அதையே வைத்து ஓட்டி வருகிறேன். கணினி இனி அதிக நாள் தாங்காது. என்னிடம் இரண்டு வகைப் படங்கள்: சோழர் கோயில்களில் எடுத்தவை (பெரும்பாலும் ரா கோப்புகள், அதாவது கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்புகள்), அப்பா அம்மா காலத்து ஆல்பங்களை ஸ்கேன் செய்தவை. மொத்தம் எண்பதாயிரத்துக்குப் பக்கம் வரும். திருத்துவது எனக்கு இரண்டாம்பட்சம், தேடல்தான் முக்கியம். "கங்கைகொண்ட சோழபுரம், வடக்கு வாசல், சண்டேசர்" என்றாலும் வர வேண்டும். "பெரியத்தை கல்யாணம், சித்தப்பா" என்றாலும் வர வேண்டும். எதற்கு மாறலாம்?

ஒளிமாறன்:
அடோபியின் லைட்ரூம் கிளாசிக், யோசிக்கவே வேண்டாம். கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். வருடங்கள் கழித்துப் போன் செய்து, "தாலி கட்டும்போது தாத்தா பக்கத்தில் நின்ற படம்" என்று கேட்பார்கள். படம் உள்ள ஹார்ட் டிஸ்க் அலமாரியில் இருக்கும். ஆனால் அதன் முன்னோட்டம் கேட்டலாக்கோடு (லைட்ரூம் படங்களின் விவரங்களைக் குறித்துவைக்கும் கோப்பு) கணினியிலேயே இருப்பதால் எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர் என்று உடனே தெரிந்துவிடும். அதை மட்டும் எடுத்துச் செருகினால் போதும். ரா கோப்புகள் அதிகம் என்கிறீர்கள், அதற்கும் இதுதான் பொருத்தம்.

ஆலங்குடி ஆதி:
மாறன் அண்ணன் சொல்வது தொழில்காரருக்குச் சரி. வளவன் சார் கேட்பது பிள்ளைகள் கைக்குப் போக வேண்டிய சேகரம். அதை மாதச் சந்தாவில் கொண்டுபோய்க் கட்டக்கூடாது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கக்கூடிய லைட்ரூம் 2015இல் வந்த 6ஆம் பதிப்போடு முடிந்துவிட்டது. ஆப்பிளின் படத் தொகுப்பு மென்பொருளான அப்பர்ச்சரை எத்தனை பேர் நம்பியிருந்தார்கள்? 2014இல் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2019இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளம் வந்தபோது அதில் திறக்கவே இல்லை. பிக்காசா கதை உங்களுக்கே தெரியும்.

என் பரிந்துரை டிஜிகாம். இலவசம், கட்டற்ற மென்பொருள், 2001 முதல் வளர்ந்து வருகிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டேக்குகளை (படத்தோடு சேர்க்கும் தேடல் சொற்கள்) கிளை கிளையாகப் போடலாம்: கோயில், அதற்குள் ஊர், அதற்குள் வாசல், அதற்குள் சிற்பம். முகங்களைக் கண்டுபிடிப்பதும் உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே போகாது.

ஒளிமாறன்:
தம்பி, பாதி உண்மை சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். சந்தா நின்றால் திருத்தும் பகுதியும் வரைபடமும்தான் பூட்டப்படும். நூலகப் பகுதி திறக்கும், தேடலாம், படத்தை வெளியே எடுக்கலாம். கேட்டலாக்கும் சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்புதான், டிஜிகாம் வழக்கமாகப் பயன்படுத்துவதும் அதையே.

ஆலங்குடி ஆதி:
திறப்பது பற்றி எனக்குச் சண்டை இல்லை, அண்ணா. நீங்கள் மாதக்கணக்கில் தட்டிய டேக்குகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் என் கேள்வி. லைட்ரூமில் மாற்றங்களைத் தானாக எக்ஸ்எம்பியில் (படத்தின் விவரங்களை எழுதிவைக்கும் பொது வடிவம்) எழுதும் வசதி ஆரம்பத்தில் அணைக்கப்பட்டிருக்கும். அதைத் தேடிப்போய்ப் போடாதவருக்கு எல்லா உழைப்பும் ஒரே கேட்டலாக் கோப்புக்குள். போட்டாலும், படங்களைக் குழுவாகச் சேர்த்துவைக்கும் கலெக்‌ஷன்கள் எக்ஸ்எம்பிக்குள் போகாது, விர்ச்சுவல் காப்பிகளும் (ஒரே படத்தின் வேறு திருத்த வடிவங்கள்) போகாது. எக்ஸ்எம்பி 2012 முதல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரம், எந்த நல்ல மென்பொருளும் படிக்கும். ஜேபெக் என்றால் கோப்புக்குள்ளேயே, ரா என்றால் பக்கத்தில் ஒரு சிறு கோப்பாக விவரம் இருந்துவிட்டால், நாளைக்கு டிஜிகாமே நின்றாலும் எனக்குக் கவலை இல்லை.

ஒளிமாறன்:
கன்ட்ரோல்-எஸ் தட்டினால் லைட்ரூமும் எழுதும். டிஜிகாமிலும் எதை எழுதுவது, எங்கே எழுதுவது என்று அமைப்புப் பக்கத்தில் டிக் போட்டாக வேண்டும், அந்தப் பக்கமே ஒரு காடு. புதிதாக வருபவர் அங்கேயே சோர்ந்துவிடுவார். இடைமுகம் எளிதாக இல்லாவிட்டால் டேக் போடும் வேலையே நடக்காது. நடக்காத வேலைக்கு எந்தத் தரம் இருந்து என்ன பயன்?

கயல்:
எண்பதாயிரம் படத்துக்கு உட்கார்ந்து யார் டேக் போடுவது? கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றுங்கள். முகத்துக்கு ஒருமுறை பெயர் கொடுத்தால் போதும், கடற்கரை, யானை, பிறந்தநாள் கேக் எல்லாம் அதுவே கண்டுபிடிக்கும். என் அம்மாவே தேடி எடுக்கிறார். நீங்கள் இருவரும் சொல்கிற முறையில் ஒழுக்கமுள்ள ஒருவருக்குத்தான் படம் கிடைக்கும், வீட்டில் மற்றவர்களுக்குக் கிடைக்காது.

ஆலங்குடி ஆதி:
கயல், வீட்டில் எல்லோரும் தேட முடிய வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் வளவன் சாரின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தின் வடக்கு வாசல் படிக்கட்டருகே சிவன் தன் அடியார் சண்டேசர் தலையில் பூமாலை சுற்றும் சிற்பம் இருக்கிறது. இயந்திரம் "சிலை" என்று கொண்டுவரும், "கோயில்" என்று கொண்டுவரும். எந்தச் சுவர், எந்த மூர்த்தம் என்பதைத் தெரிந்தவர் எழுதினால்தான் உண்டு. பெரியத்தை கல்யாணமும் அப்படித்தான். முகம் தெரியலாம், யாருடைய கல்யாணம் என்று படத்துக்குள் எங்கும் இல்லை.

இன்னொன்று. கூகுள் ஃபோட்டோஸில் எழுதும் குறிப்பு படக் கோப்புக்குள் போவதில்லை. மொத்தமாக இறக்கினால் ஒவ்வொரு படத்துக்கும் ஜேசான் என்ற தனி எழுத்துக் கோப்பாகக் கையில் வரும், அதைத் திரும்பக் கோர்ப்பது பெரிய வேலை. வரம்பில்லாத இலவச இடமும் 2021 ஜூன் 1 உடன் முடிந்தது. இப்போது ஜிமெயிலும் சேர்த்து 15 ஜிபிதான்.

கயல்:
அப்படியானால் இம்மிச் என்ற மென்பொருளைப் போடுங்கள். வீட்டிலேயே ஒரு கணினியில் ஓடும், முகம், பொருள் எல்லாம் தேடும், நீங்கள் எழுதிய எக்ஸ்எம்பியையும் படிக்கும். அத்தையும் சித்தப்பாவும் போனிலேயே பார்க்கலாம். டேக் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிற்பங்களுக்குப் போடுங்கள். குடும்பப் படங்களில் பாதி வேலையை இயந்திரத்திடம் விடாமல் கையால் செய்யச் சொல்வது அநியாயம்.

நெய்தல்:
ஃபோல்டர் பெயர் போதாதா? "2011-03 கங்கைகொண்ட சோழபுரம்" என்று வைத்தால் எந்த மென்பொருளும் தேவையில்லை.

ஆலங்குடி ஆதி:
அடித்தளமாக நல்லது, அப்படியே வையுங்கள். ஆனால் ஒரு படம் ஒரு ஃபோல்டரில்தான் இருக்க முடியும். எல்லாக் கோயில்களின் தட்சிணாமூர்த்தியும் ஒரே தேடலில் வேண்டும் என்றால் ஃபோல்டர் கைவிட்டுவிடும்.

எழுத்தாணி:
தமிழில் டேக் போடப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். படக் கோப்பில் டேக் எழுதும் இடம் இரண்டு: பழைய ஐபிடிசி வடிவம், புதிய எக்ஸ்எம்பி. பழையதில் ஒரு சொல்லுக்கு 64 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும், புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனித்தனிக் கணக்கு. "கங்கைகொண்ட சோழபுரம்" 55 பைட், தப்பித்துவிடும். அதோடு "கோபுரம்" சேர்த்தால் 77, வரம்பைத் தாண்டிவிடும். எக்ஸ்எம்பிக்கு இந்த வரம்பு கிடையாது. ஊர் ஒரு டேக், கோபுரம் இன்னொரு டேக் என்று பிரித்துப் போட்டால் இரண்டிலும் பத்திரம்.

அப்புறம், "கொ" என்பதை ஒரே துணைக்குறியோடும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், உள்ளே வேறு. இரண்டும் ஒன்று என்று புரிந்துகொள்ளாத தேடலில் பாதிப் படங்கள் வராமல் போகும். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே விசைப்பலகை, ஒரே ஊர்ப்பெயர் வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னிவளவன்:
மிக உதவியாக இருக்கிறது, நன்றி. பிக்காசாவில் நிறைய முகங்களுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவை போய்விடுமா?

ஆலங்குடி ஆதி:
போகாது. ஆனால் அந்தக் கணினி ஓடும்போதே செய்துவிடுங்கள். பிக்காசா 3.9 என்றால் முகப் பெயர்களை எக்ஸ்எம்பியில் எழுதும் வசதி "Experimental" என்ற சோதனைப் பட்டியலுக்குள் இருக்கும். முதலில் முழு பேக்கப், பிறகு ஒரே ஃபோல்டரில் சோதனை, சரியாக வந்தால் மற்றவை. ஜேபெக் படங்களில் எழுதியதை டிஜிகாம் படிக்கும்.

ஒளிமாறன்:
லைட்ரூமும் படிக்கும். ஸ்கேன் படங்களைப் பற்றி ஒன்று: எல்லாவற்றிலும் ஸ்கேன் செய்த நாள்தான் தேதியாக இருக்கும். உத்தேச வருடத்தின் ஜனவரி 1 என்று மொத்தமாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் பெரியத்தை கல்யாணம் போன வருடப் படங்களோடு நிற்கும்.

ஆலங்குடி ஆதி:
மாற்றுங்கள், ஆனால் "தேதி உத்தேசம்" என்று ஒரு டேக் கட்டாயம் சேருங்கள், சார். நாளை பேரப்பிள்ளை பார்க்கும்போது 1974 ஜனவரி 1 என்பதை நிஜத் தேதி என்று நம்பிவிடக் கூடாது. ஆல்பத்தில் படத்தின் பின்பக்கம் மையில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து, முன்பக்கத்துக்கு அடுத்த எண்ணில் வையுங்கள்.

ஒளிமாறன்:
இதில் தம்பியோடு முழுச் சம்மதம். மென்பொருள் விஷயத்தில் இல்லை.