மெசி 135: ஏற்றத்தில் இரண்டாவது கியர் கழன்றுவிடுகிறது

படுவான்கரை விவசாயி:
வணக்கம். எங்களிடம் ஆறு கியர் மெசி 135 உழவு இயந்திரம் இருக்கிறது. நெல் மூட்டை ஏற்றிய பெட்டியோடு வயலிலிருந்து கொக்கட்டிச்சோலை வீதிக்கு ஏறும்போது இரண்டாவது கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. வெறும் பெட்டி என்றால் கழலாது. மூன்றாவது கியர் ஒருநாளும் கழன்றதில்லை. பட்டறையில் கியர் பொக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

சம்மாந்துறை மெக்கானிக்:
அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம் தம்பி. ஹை, லோ லிவரை லோவில், அதாவது மெதுவாக ஓடி இழுவை கூடும் பக்கத்தில், போட்டு ஏறிப் பார்த்தீர்களா?

விவசாயி:
பார்த்தேன் அண்ணன். லோவில் கழலவில்லை, ஹையில் மட்டும்தான்.

மெக்கானிக்:
அப்படியென்றால் இரண்டாவது கியரின் பல்லில்தான் எனக்குச் சந்தேகம். ஹை, லோ தொகுதி கியர் பொக்ஸுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. லோவில் அது வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து இழுவையைக் கூட்டிக் கொடுக்கிறது. அதனால் அதே சுமைக்கு முன்னால் உள்ள கியரின் பல்லில் விழும் பாரம் குறைவு. ஹையில் அந்தத் துணை கிடையாது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே கம்பியும் ஒரே கவையும்தான் நகர்த்துகின்றன. கம்பியின் பள்ளத்தில் ஸ்பிரிங் அழுத்தும் முளை விழுந்து கியரைப் பிடித்து வைக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூன்றாவதும் கழன்றிருக்கும். பல் நேராக இருக்கும்வரை சுமை அதைச் சுற்றும் திசையில் மட்டுமே தள்ளும். நுனி தேய்ந்து சரிந்துவிட்டால் அதே சுமை கியரைப் பக்கவாட்டில் வெளியே தள்ளத் தொடங்கும்.

ஏற்றத்தில் சோதிக்காதீர்கள். சமதரையில் கலப்பையைச் சற்று ஆழமாக இறக்கி, ஹை இரண்டாவதில் இழுத்து, லிவர்மேல் உள்ளங்கையை வைத்திருங்கள். கழல்வதற்கு முன் லிவர் கையைத் தள்ளினால் பல்தான்.

உன்னிச்சை வாசி:
கியர் கழன்றால் பாரப் பெட்டி பின்னுக்கு இழுத்துவிடும், உயிர் ஆபத்து. திருத்தும்வரை லோவிலேயே ஏறுங்கள். 135இல் கியர் பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான். ஒயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மினுமினுத்தால் இரும்புத்தூள் பம்பைத் தின்னும் முன் கவனியுங்கள்.

விவசாயி:
லிவர் கையை நன்றாகவே தள்ளுகிறது. ஒயிலிலும் மினுக்கம் தெரிகிறது. இரண்டாவது கியரை மட்டும் மாற்றினால் போதுமா?

மெக்கானிக்:
போதாது. அதோடு பல் கோக்கும் சோடிக் கியரையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்ததோடு ஓடினால் புதியதும் கெட்டுவிடும். மூடியைக் கழற்றியதும் முதலில் கவையைப் பாருங்கள். கவை தேய்ந்திருந்தால் கியர் பாதிப் பல்லோடுதான் கோத்து நிற்கும், நுனி தேய்வதும் அதனால்தான். பேரிங் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் முழு கியர் பொக்ஸ் தேவையில்லை.