கொரோனா வார்டில் நம்மைப் பார்த்துக்கொண்டவர்கள்: உங்கள் அனுபவம்

மதுரைக்காரி:
2021 மே. அந்த மாதம் எப்படி இருந்தது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு ஆக்சிஜன் 84. ஊர் முழுக்க அலைந்து கடைசியில் தோப்பூர் அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. கூட யாரையும் உள்ளே விடமாட்டார்கள், தெரியும்தானே. நான்காம் நாள் ராத்திரி பக்கத்துப் படுக்கைக்காரர் போனிலிருந்து வீடியோ கால் வந்தது. மாஸ்க்குக்குப் பின்னால் அம்மா. தலையில் ரெட்டைப் பின்னல், நுனியில் பேண்டேஜ் துணியைக் கிழித்து முடிச்சு. அம்மாவுக்கு 61 வயது. எனக்கு விவரம் தெரிந்து கொண்டையைத் தவிர வேறு போட்டதில்லை.

"யாரும்மா பின்னிவிட்டது?" என்றேன். "இங்க கூட்டிப் பெருக்குற பொண்ணு. சிக்கெடுத்துச்சு. எண்ணெய் இல்லையேன்னு அதுக்கு வருத்தம்" என்றார்.

கையுறை போட்ட கையால், அந்த வெயிலில், அந்தப் பாதுகாப்பு உடைக்குள் இருந்துகொண்டு சிக்கெடுத்திருக்கிறாள். அம்மா நல்லபடியாக வீடு வந்துவிட்டார். இன்றும் தலை வாரும்போதெல்லாம் "பேரைக் கேக்காம வந்துட்டேனே" என்பார். கேட்டிருந்தாலும் முகம் தெரியாது. பார்த்தது கண்ணை மட்டும்தான்.

சிங்காநல்லூர் செல்வா:
படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் கோவை ஈஎஸ்ஐயில் 2020 ஆகஸ்டில் பதினோரு நாள் இருந்தேன். ராத்திரி டூட்டி சிஸ்டர் ஒருவர் ஒவ்வொரு படுக்கையாக வந்து "குப்புறப் படுங்கண்ணா, மூச்சு நல்லா வரும்" என்று திருப்பிப் படுக்க வைப்பார். ஒருநாள் மூன்று மணி இருக்கும். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தலையை மட்டும் ஆட்டினார். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் மாஸ்க்கைக் கழற்ற வேண்டும். டூட்டி முடியும் வரை ஒரு வாய் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. இரண்டு நிமிஷம்தான். எழுந்து அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். தெய்வம் என்றுதான் சொல்வேன்.

அக்காவின் தம்பி:
செல்வா அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தத் தெய்வம் என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. தெய்வத்துக்குச் சம்பளம் வேண்டாம், தூக்கம் வேண்டாம், வாடகை வீடு வேண்டாம். என் அக்கா 2020இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்ஸ். மார்ச் 22 மாலை 5 மணிக்கு நாமெல்லாம் கை தட்டினோம். ஏப்ரல் 5 விளக்கேற்றினோம். மே 3 ஹெலிகாப்டரில் பூ தூவினார்கள். அதே ஏப்ரலில்தான் சென்னையில் கொரோனாவால் இறந்துபோன ஒரு டாக்டரை அடக்கம் செய்ய விடாமல் ஆம்புலன்ஸ்மேல் கல்லெறிந்தார்கள். அக்காவிடம் வீட்டுக்காரர் "மாசக் கடைசியில காலி பண்ணிடும்மா" என்று சொன்னதும் அந்தச் சமயத்தில்தான். எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். விரலெல்லாம் வெளுத்து, நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறின மாதிரி சுருங்கியிருக்கும். கையுறைக்குள் வேர்த்து வேர்த்து அப்படி.

2022 டிசம்பர் 31ஆம் தேதி ஒப்பந்தம் முடிந்தது. 2,000க்கும் மேற்பட்ட நர்ஸ்கள் ஒரே நாளில் வீட்டுக்கு. அக்கா அன்றைக்கு யூனிஃபார்மைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற தபால்காரர்:
என்னைப் பார்த்துக்கொண்டது 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர். மாடியிலிருந்து நாற்காலியோடு என்னைத் தூக்கி இறக்கினார். அவ்வளவுதான் என் கதை.

மதுரை மகளுக்கு ஒன்று சொல்கிறேன். பெயர் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். அதில் ஐபி நம்பர் (உள்நோயாளி எண்), வார்டு, தேதி எல்லாம் இருக்கும். இன்ன வார்டு, இன்ன தேதி, ராத்திரி டூட்டியா பகல் டூட்டியா என்று குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி, டீனுக்கு ஒன்று, நர்சிங் சூப்பரின்டெண்டுக்கு ஒன்று ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பின்னல் விஷயத்தை அப்படியே எழுதுங்கள். சும்மா "சிறப்பான சேவை" என்று எழுதினால் அது ஃபைலுக்குள் போய்விடும். பணம் கொடுக்க வேண்டாம், அவர்களுக்கு வில்லங்கமாகிவிடும். கடிதத்தின் நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசியூ சிஸ்டர்:
ஐயா சொல்வது நர்ஸ்களுக்குச் சரி. பெருக்கித் துடைக்கிறவர்கள் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். எங்கள் டூட்டி லிஸ்ட்டில் அவர்கள் பெயர் இருக்காது. அவர்களுடைய சூப்பர்வைசரிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் 2021இல் இருந்தவர்கள் இன்று அங்கேயே இருப்பார்களா என்பது சந்தேகம். இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

அந்த ரெட்டைப் பின்னலுக்குக் காரணம் உண்டு. கொண்டை இருந்தால் மாஸ்க் பட்டை பின்னால் சரியாக உட்காராது, ஓரத்தில் ஆக்சிஜன் கசியும். குப்புறப் படுத்துத் தலையைத் திருப்பவும் முடியாது. எங்கள் வார்டிலும் ஆயாம்மாக்கள்தான் பின்னிவிடுவார்கள். அவர்களுக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து அவர்களாகவே கண்டுபிடித்தது.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பெரியவர், படுக்கை 14. தினமும் "மணி என்னம்மா?" என்று கேட்பார். ஜன்னல் இல்லாத வார்டு. ஒருநாள் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு இறங்கியது. அவர் கேட்டபோது "இருங்க அப்பா, வரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மணி நாலு பத்து.