ராத்திரி 2.40க்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் தூக்கமே இல்லைங்க

கேள்வி:
வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சன்டைசரா, அதாவது ஆர்டரைப் பார்த்துக்கற வேலையில இருக்கேன், வயசு 41. எங்க பையர் நியூயார்க். அவங்க காலையில 9 மணிக்கு ஆபீஸ் வந்தா நமக்கு சாயந்திரம் 6.30, குளிர்காலத்துல 7.30. நான் தோசை ஊத்துற நேரத்துலதான் லேப் டிப் (சாயம் போட்ட சாம்பிள் துணி) சரியில்லை, ஷேடு மாறுதுன்னு மெயில் வரும். கப்பலைத் தவறவிட்டா விமானத்துல அனுப்பணும், அந்தச் செலவு கம்பெனி தலையில விழும்.

11 மணிக்குப் படுத்தா உடனே தூங்கிடுவேன். 2.40க்கு டக்குனு முழிப்பு. டையிங்ல இருந்து துணி வந்துருக்குமா, பையன் பத்தாவது, கணக்குல இப்படி வாங்கறானே, அத்தைக்கு சுகர் மாத்திரை குடுத்தேனா? எந்திரிச்சுப் போய் அட்டையில எத்தனை மிச்சம்னு எண்ணுவேன். வீட்டுக்காரர் தூத்துக்குடிக்கு கன்டெய்னர் லாரி ஓட்டறார், அவர் எந்த ரோட்டுல இருக்காரோன்னு வேற. போனை அணைக்கவும் முடியாது. மூணு மாசமா வாரத்துல நாலஞ்சு நாள் இப்படித்தான். போன வாரம் ஸ்கூட்டியில சிக்னல்ல கண்ணு சொக்கிடுச்சு, அதுல இருந்து பயமா இருக்கு. பக்கத்து வீட்டு அக்கா அவங்க தூக்க மாத்திரை பாதி குடுத்தாங்க. போடலாமா?

பதில் 1:
போடாதீங்க கண்ணு. நான் 22 வருசமா நர்ஸ். அல்பிரசோலம் மாதிரி மாத்திரை சீக்கிரம் பழக்கமாயிடும், திடீர்னு நிறுத்தினா முன்ன இருந்ததை விட மோசமாத் தூக்கம் கெடும். அதுவும் இன்னொருத்தருக்கு எழுதின மாத்திரை. முதல்ல தைராய்டும் ரத்த அளவும் பாருங்க. இந்த வயசுல மாதவிடாய் மாறத் தொடங்கினாலும் நடுராத்திரி முழிப்பு வரும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. 14416க்குப் போன் பண்ணுங்க, டெலிமானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க. தூக்கம் சரியாகற வரைக்கும் ஸ்கூட்டி வேண்டாம், பஸ்ல போங்க.

பதில் 2:
ஈரோட்டுல இருந்து எழுதறேன் தங்கச்சி. அப்பா படுக்கையில இருந்தப்ப ஒன்றரை வருசம் எனக்கும் இதேதான். டாக்டர் சொன்னது: இருபது நிமிசம் போல புரண்டும் தூக்கம் வரலைன்னா எந்திரிச்சு வேற இடத்துல உக்காரு, கண்ணு சொக்கும்போது திரும்பப் படு. படுத்துக்கிட்டே கவலைப்பட்டா பாயைப் பார்த்தாலே மனசு முழிச்சுக்கும். நான் திண்ணையில உக்காந்திருப்பேன், மணி பார்க்க மாட்டேன். நாளைக்கு என்னென்ன வேலைன்னு ராத்திரி 8 மணிக்கே நோட்டுல எழுதிடுவேன்.

போனை அணைக்க வேண்டாம். தொந்தரவு செய்யாதே மோடு போட்டு, வீட்டுக்காரர் நம்பர் மட்டும் அடிக்கற மாதிரி வைங்க. கடைசி டீ எத்தனை மணிக்குக் குடிக்கறீங்க? குடிச்சு அஞ்சாறு மணி நேரம் ஆனாலும் பாதி உடம்புல இருக்கும்.

கேட்டவர், 24 நாள் கழிச்சு:
அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றிங்க. கடைசி டீ 7 மணிக்குங்க, அதை விட்டுட்டேன். தைராய்டு சரியா இருக்கு, ஹீமோகுளோபின் 9.1, இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன். 14416ல ஒரு பொண்ணு அரை மணி நேரம் பொறுமையாக் கேட்டுச்சு, நான் அழுதுட்டேன். அத்தைக்கு கிழமை போட்ட மாத்திரை டப்பா வாங்கிட்டேன், மூடி திறந்திருந்தா குடுத்தாச்சு. ராத்திரி மெயிலுக்குக் காலையில 8 மணிக்குத்தான் பதில்னு மேனேஜர்கிட்ட நேராச் சொன்னேன், சரின்னுட்டார்.

இப்பவும் வாரத்துல ரெண்டு நாள் முழிக்கறேன். ஒண்ணு கேக்கணும்ங்க: ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு மணி நேரம் தூங்கலாமா, அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்குமா?