பதில்: புது இயந்திரத்தைப் பழக்குவது, கனடா தம்பி கேட்ட சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

டொரோண்டோ தம்பி பெட்ரோலில் ஓடும் ஐஸ் துளைக்கும் மெசின் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். குளிர்காலத்தில் சிம்கோ ஏரி உறைந்ததும் அதன்மேல் நின்று துளை போட்டுத் தூண்டில் விடுவார்களாம். அப்பாவும் எடுத்து ஓட்டும்படி கையேட்டைத் தமிழில் எழுதி வைக்க நினைக்கிறார். பெட்ரோலில் எண்ணெய் கலப்பது, புது இயந்திரத்தை முதலில் பதமாக ஓட்டி எடுப்பது, இந்த இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தார். ஒரு வாரமாக இங்கே நடக்கும் பேச்சைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இது என் தொழில் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மலேசியாவின் நிபோங் திபாலில் புல்வெட்டும் மெசின், மரம் அறுக்கும் செயின்சா பழுது பார்க்கிறேன். செம்பனைக் கன்று நட மண்ணில் குழி போடும் மெசினும் கடைக்கு வரும். தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தேன், ஏறக்குறைய அதேதான்: மேலே சின்ன இருவீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரம், கீழே திருகு அலகு. அங்கே ஐஸ், இங்கே மண். மெசினின் பெயருக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. மரத்தில் திருகித் துளை போடும் கருவிக்குத் தச்சர்களிடம் துறப்பணம் என்ற சொல் இருக்கிறது. ஐஸ் துறப்பணம் என்றால் போதும்.

எண்ணெய் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. மலேசியாவில் நாம் பெட்ரோலையும் எண்ணெய் என்கிறோம். "காருக்கு எண்ணெய் அடிக்கணும்" என்று சொல்லாதவர் யார்? போன வருடம் கடைக்குப் புதிதாக வந்த பையனிடம், "எண்ணெய் ஊத்திட்டியா?" என்று கேட்டேன். "ஊத்திட்டேன் அண்ணே" என்றான். அவன் ஊற்றியது வெறும் பெட்ரோல். நான் கேட்டது பெட்ரோலில் கலக்கும் 2டி எண்ணெய். கால் மணி நேரத்தில் மெசின் இறுகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால், புகை வெளியேறும் துளைப் பக்கம் பிஸ்டனில் நகத்தால் கீறியது போல நேர் நேராகக் கோடுகள். அலுமினியம் இழுபட்டு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினது மாதிரி சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம் அதன் பள்ளத்திலேயே சிக்கி, விரலால் அழுத்தினால் அசையவில்லை. பையன் மேல் தப்பில்லை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வைத்துப் பேசியது நான்.

இந்த இயந்திரத்துக்குத் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்குகளையும் காப்பாற்றுகிறது. ஆகவே கையேட்டில் எரிபொருளை எப்போதும் பெட்ரோல் என்றே எழுதுங்கள், எண்ணெய் என்ற சொல்லை 2டி எண்ணெய்க்கு மட்டும் வையுங்கள். இரண்டும் சேர்ந்ததைக் கலவைப் பெட்ரோல் என்று சொல்லலாம். ஒருவர் 'கலப்பெண்ணெய்' என்று எழுதியிருந்தார். எனக்கு அதில் கலப்பட வாடை அடிக்கிறது. கடைக்காரர் அப்படி எழுதி ஒட்டினால் வாங்க ஆள் வராது.

விகிதத்தையும் '50:1' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். ஒரு லிட்டருக்கு 50 மில்லி ஊற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது 20க்கு 1 ஆகிவிடும். '50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது லிட்டருக்கு 20 மில்லி' என்று எழுதினால் யாரும் தவற மாட்டார்கள். 40க்கு 1 என்றால் 25 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. எது என்பதை அந்த மெசினின் கையேடுதான் சொல்ல வேண்டும். அதிகமாக ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. எண்ணெய் கூடினால் அதே அளவில் பெட்ரோல் குறையும், தீப்பொறிச் செருகியில் (ஸ்பார்க் பிளக்) கரி பிடிக்கும், புகை கக்கும். அப்புறம் தம்பிக்கு ஒன்று: கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகும். வீட்டுக்குப் பக்கத்தில் குளிர் குறைந்த இடத்தில், காற்றோட்டமாக, நெருப்பு எதுவும் இல்லாமல் கலந்துவிட்டு ஏரிக்கு எடுத்துப் போங்கள். ஊற்றும் முன் கலனை நன்றாகக் குலுக்குங்கள்.

இனி அந்த இரண்டாவது சொல், புது இயந்திரத்தை முதலில் பதமாக ஓட்டி எடுப்பதற்கு. இதுவரை இங்கே வந்தவை தேய்ப்போட்டம், மென்னோட்டம், ஆசிரியர் ஐயா சொன்ன பழக்கோட்டம்.

புது சிலிண்டரின் சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய கீற்றுகள் தெரியும். வேண்டுமென்றே போட்ட கீற்றுகள் அவை, எண்ணெய் அவற்றில் தங்கும். வளையமும் புதுசு. முதல் சில மணி நேரம் இரண்டும் உரசி, மேடுகள் மட்டும் மழுங்கி, ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்கின்றன. பொருந்திய பிறகு தேய்வது வெகுவாகக் குறைந்துவிடும். தேய்ப்போட்டம் என்ற சொல்லில் இந்தப் பொருத்தம் வரவில்லை. மெசின் சாகும்வரை தேய்ந்துகொண்டே போவது போல இருக்கிறது.

மென்னோட்டம் பாதி உண்மை. முழு வேகத்தில் சும்மா உறுமவிடக் கூடாது, சரி. ஆனால் மெல்ல ஓட்டிக்கொண்டே இருந்தாலும் வளையம் சரியாக உட்காராது. எரியும் வாயுவின் அழுத்தம்தான் வளையத்தைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுகிறது. அதற்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். சில நிமிடம் சூடேற விட்டு, வேலை கொடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். மென்னோட்டம் என்ற சொல்லை நம்பி மெல்லவே ஓட்டுபவர் மெசினைக் கெடுத்துக்கொள்வார்.

சூடு, ஆறல், மறுபடி சூடு. இது நம் அடுக்களையில் நடக்காததா? என் அம்மா பட்டர்வொர்த்தில் இரும்புத் தோசைக்கல் வாங்கி வந்தால் இரண்டு மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைப்பார். பிறகு அடுப்பேற்றி, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, இறக்கி ஆறவைத்து, திரும்பவும் ஏற்றுவார். முதல் தோசை பிய்ந்துதான் வரும். "கல் இன்னும் பழகல" என்பார். மண்சட்டிக்கும் அதே சொல், ஏரில் பூட்டும் காளைக்கும் அதே சொல். புதுப் பொருளைப் பக்குவமாக வேலைக்குக் கொண்டுவருவதற்குத் தமிழில் ஏற்கெனவே வினை இருக்கிறது: பழக்கு.

ஆகவே ஆசிரியர் ஐயா வேரைச் சரியாகவே பிடித்திருக்கிறார். பழக்கு, ஓட்டம் சேர்ந்தால் பழக்கோட்டம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் பழம், கோட்டம் சேர்ந்தாலும் பழக்கோட்டம்தான். என் மகளிடம் காட்டினேன், பழத்தோட்டத்தில் எழுத்துப்பிழை என்று நினைத்தாள். அதைவிடப் பெரிய தொல்லை, பெயர்ச்சொல்லாக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் 'பழக்கோட்டம் செய்' என்று வால் ஒட்ட வேண்டும். வினையாகவே விட்டால் குடும்பமே கிடைக்கிறது: இயந்திரத்தைப் பழக்கு, இயந்திரம் பழகிவிட்டது, பழகாத இயந்திரம், பழக்கும் காலம். நாம் செய்வது பழக்குதல், இயந்திரத்துக்கு நடப்பது பழகுதல்.

பொதுச்சொல் எப்படிக் கலைச்சொல் ஆகும் என்று ஈப்போ அக்கா கேட்டது நியாயமான கேள்வி. அறிவியல் பாடத்தில் வேலை, ஆற்றல் இரண்டும் கலைச்சொற்கள்தானே அக்கா? தினமும் புழங்கும் சொல்லுக்கு வரையறை கொடுத்தார்கள், நின்றுவிட்டது. இதற்கும் ஒரு வரி வரையறை எழுதினால் போதும்.

தம்பி, அப்பாவுக்கான பக்கத்தில் இப்படிப் போட்டுப் பாருங்கள்:

'புது ஐஸ் துறப்பணத்தை முதலில் பழக்க வேண்டும். முதல் தொட்டி கலவைப் பெட்ரோல் தீரும்வரை பழக்கும் காலம். சில நிமிடம் சூடேற விடவும். அலகு ஐஸைத் துளைக்கும்போது மட்டும் வேகத்தைக் கூட்டவும். நெடுநேரம் ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டாம். இடையிடையே நிறுத்தி ஆறவிடவும். பழகாத இயந்திரத்தைச் சும்மா முழு வேகத்தில் சுழலவிடக் கூடாது.'

பழக்கும் காலம் எத்தனை தொட்டி என்பதை மட்டும் உங்கள் கையேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அப்பா படித்துவிட்டு எந்த வரியில் நிற்கிறார் என்று எழுதுங்கள், அந்த வரியை மாற்றுவோம்.

அன்புடன்,
நிபோங் திபாலிலிருந்து